ஷாஃப்டில் அச்சிட்ட எழுத்தும் ஆடுபவரின் ஸ்விங்கும்



ஷாஃப்டின் மேல் அச்சிட்டிருக்கும் ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளை நம்பி ஷாஃப்ட் வாங்காதீர்கள். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கோல்ஃப் கிளப்புகளைக் கழற்றி, அளந்து, மறுபடி மாட்டுவது என் தொழில். என் மேசைக்கு வரும் பல கிளப்புகளில் தலை நல்ல தலையாக இருக்கும், பிடி புதிதாக இருக்கும், நடுவில் உள்ள ஷாஃப்ட் மட்டும் வேறு யாருக்கோ செய்ததாக இருக்கும். அதன் சொந்தக்காரரோ கோளாறு தன் ஸ்விங்கில்தான் என்று நம்பி வருடக்கணக்கில் பயிற்சியாளரிடம் போய்க்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

விளையாட்டுக்குப் புதியவர்களும் அரங்கில் இருக்கிறீர்கள். கையில் பிடிக்கும் பகுதியையும் பந்தை அடிக்கும் தலையையும் இணைக்கிற நீண்ட குழாய்தான் ஷாஃப்ட். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவரில் இன்று அநேகமாக கிராஃபைட், அதைவிடக் குறைந்த தூரத்துக்கான அயர்ன்களில் ஸ்டீலும் உண்டு, கிராஃபைட்டும் உண்டு. எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகள் போட்டிருக்கும். நன்றாக வளைவது எல், மிக விறைப்பானது எக்ஸ். கடைகளில் ஓர் அட்டவணை வைத்திருப்பார்கள். டிரைவர் தலை மணிக்கு 85 முதல் 95 மைல் வேகத்தில் வந்தால் ரெகுலர், 95 முதல் 105 வரை ஸ்டிஃப், அதற்கு மேல் போனால் எக்ஸ்ட்ரா ஸ்டிஃப். வேகத்தை அளந்தார்கள், எழுத்தைச் சொன்னார்கள், வேலை முடிந்தது.

முதல் சிக்கல் அந்த எழுத்திலேயே இருக்கிறது. எவ்வளவு விறைப்பாக இருந்தால் எஸ் என்று போடலாம் என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றியபடி வைத்துக்கொள்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையிலேயே எழுத்தின் பொருள் மாறும்.

இதை நேரில் பார்க்க ஒரு சின்னக் கருவி போதும். ஷாஃப்டின் பிடிப் பக்கத்தை இரும்புக் கவ்வியில் இறுக்கிவிட்டு, மறுமுனையைக் கையால் இழுத்து விட வேண்டும். முனை மேலும் கீழுமாகத் துடிக்கும். நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று கருவி எண்ணிச் சொல்லும். டிரைவரில் 240, 250, 260 என்று எண் வரும். எண் கூடினால் விறைப்பு கூடுதல். ஏறத்தாழ பத்து எண்ணுக்கு ஓர் எழுத்து என்பது வழக்கமான கணக்கு. ஆனால் ஒரு நிறுவனத்தின் எஸ்ஸைக் கவ்வியில் மாட்டினால், இன்னொரு நிறுவனத்தின் ஆர் காட்டிய எண்ணைவிடக் குறைவாகக் காட்டும். வாங்கியவர் 'ஸ்டிஃப்' என்று நினைத்து ஆடிக்கொண்டிருப்பது மற்றொருவரின் ரெகுலரைவிட மென்மையானது. இந்த எண்கூட முழுக் கதையைச் சொல்வதில்லை. பிடிப் பக்கம் விறைப்பாகவும் தலைப் பக்கம் மென்மையாகவும் உள்ள ஷாஃப்டும், நேர்மாறாக அமைந்த ஷாஃப்டும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். ஆடும்போது இரண்டும் இரண்டு விதம்.

சில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணையும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் நெடுங்காலமாகப் புழங்கும் ஸ்டீல் ஷாஃப்ட் டைனமிக் கோல்ட். அதில் எஸ்200, எஸ்300, எஸ்400 என்று உண்டு. 400 என்றால் அதிக விறைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண் எடைப் பிரிவைத்தான் குறிக்கிறது. எஸ்300 சுமார் 130 கிராம் என்றால் எஸ்400 அதைவிட இரண்டு கிராம் போலக் கூடுதல், அவ்வளவுதான்.

இரண்டாவது சிக்கல் பெரியது. வேகத்தை மட்டும் வைத்து ஷாஃப்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஏன் என்று விளங்க, கிளப்பைக் கீழே இறக்கும் டவுன்ஸ்விங்கில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரரின் டவுன்ஸ்விங் ஏறத்தாழ கால் விநாடி. அந்தக் கால் விநாடிக்குள் ஷாஃப்ட் இரண்டு திசையில் வளைகிறது.

மேலே போன கிளப்பைக் கீழே இழுக்கத் தொடங்கும் கணத்தில் கை முன்னே வருகிறது, கனமான தலை இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதனால் ஷாஃப்ட் பின்பக்கமாக வளைகிறது. எவ்வளவு வேகமாக, எவ்வளவு திடீரென்று இழுக்கிறோமோ அவ்வளவு வளைவு. பிறகு தலை வேகம் பிடித்து வெளியே சுழலும்போது, தலையின் எடைமையம் ஷாஃப்டின் நேர்கோட்டுக்குப் பின்னால் இருப்பதால், அது ஷாஃப்டின் நீட்சிக்கு வந்து நிற்கப் பார்க்கிறது. இப்போது வளைவு முன்பக்கமாக மாறுகிறது. பந்தைத் தொடும் நேரத்தில் ஷாஃப்ட் பெரும்பாலும் முன்னோக்கி வளைந்தே இருக்கும். தலையின் நுனியும் சற்றுக் கீழே தொங்கும். அதிவேகக் கேமராப் படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். முன்னோக்கிய இந்த வளைவால் கிளப் முகம் இன்னும் சில டிகிரி மேல்நோக்கித் திரும்புகிறது, கொஞ்சம் மூடவும் செய்கிறது. பந்து எவ்வளவு உயரம் எழும்பும், இடமா வலமா என்பதில் ஷாஃப்டின் பங்கு இங்கேதான் இருக்கிறது.

பந்தும் முகமும் ஒட்டியிருக்கும் நேரம் அரை மில்லி விநாடிதான். அதற்குள் ஷாஃப்ட் பந்துக்கு எதையும் செய்துவிட முடியாது. மோதலின் அதிர்வு ஷாஃப்ட் வழியாக ஏறிக் கைக்கு வந்து சேர்வதற்குள் பந்து போய்விட்டிருக்கும். பிரிட்டனில் அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. கிளப் தலைக்குச் சற்று மேலே ஷாஃப்டில் ஒரு கீல் வைத்து, அதைக்கொண்டு பந்தை அடிக்க வைத்தார்கள். பந்து வழக்கமான கிளப்பில் போகும் தூரத்துக்குக் கிட்டத்தட்ட அதே தூரம் போயிற்று. மோதும் கணத்தில் தலை தனியே பறந்துவந்த ஒரு பொருளைப் போலத்தான் நடந்துகொள்கிறது.

ஆகவே "ஷாஃப்ட் விசிறி அடித்துக் கூடுதல் தூரம் தரும்" என்ற விளம்பரத்தை நான் ஏற்பதில்லை. தலையை எந்த நிலையில், எந்தக் கோணத்தில் பந்திடம் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதே ஷாஃப்டின் வேலை. அதோடு, ஆடுபவரின் கைக்கு அது ஒரு செய்தி சொல்கிறது. தலை எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் ஸ்விங் தன்னால் ஒழுங்காகும். தெரியாவிட்டால் உடம்பு ஏதேதோ செய்து ஈடுகட்டப் பார்க்கும்.

ஷாஃப்ட் மாறினால் ஸ்விங்கே மாறும் என்பதற்கு இந்த விளையாட்டின் வரலாறே சாட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரத்தை வரவழைத்து ஷாஃப்ட் செய்தார்கள். நல்ல மரம், எளிதில் ஒடியாது. ஆனால் முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு விதமாக வளையும். ஷாஃப்டைச் சுரண்டிச் சுரண்டி மெல்லியதாக்கி ஆளுக்கு ஏற்றபடி இழைத்துக் கொடுப்பது அன்றைய கைவினைஞரின் திறமை. முறுக்கிக்கொண்ட தலையை நேர்செய்ய ஆட்டக்காரர் கையைப் புரட்டியாக வேண்டும். நிதானமான, நீளமான, கையால் ஆடும் ஸ்விங் அப்படித்தான் பிறந்தது. பாபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்றது ஹிக்கரி ஷாஃப்ட் கிளப்புகளைக்கொண்டுதான்.

அப்போதே ஸ்டீல் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1924இல் அதற்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே விதிகளை வகுத்த ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1929இல்தான். அந்த மைதானத்தில் வேல்ஸ் இளவரசரே ஸ்டீல் ஷாஃப்டோடு ஆடியதால் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று என்று சொல்வார்கள். 1931இல் பில்லி பர்க் ஸ்டீல் ஷாஃப்டோடு அமெரிக்க ஓபனை வென்றார். ஸ்டீல் முறுக்கிக்கொள்ளவில்லை. கையைப் புரட்ட வேண்டிய தேவை போயிற்று. இதை முழுமையாகப் புரிந்துகொண்டவர் பைரன் நெல்சன். ஹிக்கரியில் ஆடப் பழகியவர், ஸ்டீலுக்கு மாறியபோது ஸ்விங்கையே மாற்றினார். கால்களால் உந்தி, உடம்பால் அடித்து, கையை அமைதியாக வைத்துக்கொண்டார். நவீன ஸ்விங்கின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். 1945இல் தொடர்ச்சியாகப் பதினோரு போட்டிகளையும், அந்த ஆண்டு மொத்தம் பதினெட்டுப் போட்டிகளையும் வென்றவர்.

1969இல் ஷேக்ஸ்பியர் என்ற விளையாட்டுக் கருவி நிறுவனத்தில் வேலைபார்த்த ஃபிராங்க் தாமஸ் கிராஃபைட் ஷாஃப்டை உருவாக்கினார். எடை குறைந்தது. ஆனால் தொடக்ககால கிராஃபைட் ஹிக்கரியைப் போலவே முறுக்கிக்கொண்டது. வல்லவர்கள் பல காலம் அதை நம்பவில்லை. டைகர் வுட்ஸ் 2000ஆம் ஆண்டின் மாபெரும் வெற்றிகளின்போதும் டிரைவரில் 43.5 அங்குல ஸ்டீல் ஷாஃப்ட்தான் வைத்திருந்தார்.

இனி நம் ஸ்விங்குகளுக்கு வருவோம். நான் ஒருவருடைய ஸ்விங்கில் மூன்றைப் பார்ப்பேன்: மேலிருந்து கீழே திரும்பும் கணம், மொத்த ஸ்விங்கின் நடை, மணிக்கட்டு எப்போது அவிழ்கிறது என்பது. இவற்றுள் முதலாவதே முக்கியம்.

நடையையும் திரும்பும் கணத்தையும் பலர் ஒன்றென்று எண்ணுகிறார்கள். 1994ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஓபனை எர்னி எல்ஸ் வென்றார், பிரிட்டிஷ் ஓபனையும் பிஜிஏ சாம்பியன்ஷிப்பையும் நிக் பிரைஸ் வென்றார். இருவரும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் வளர்ந்தவர்கள். எல்ஸின் ஸ்விங் சோம்பல் முறிப்பதுபோல இருக்கும். பிரைஸ் படக்கென்று எடுத்துப் படக்கென்று அடித்துவிடுவார். ஜான் நோவோசெல் என்பவர் முன்னணி ஆட்டக்காரர்களின் வீடியோவை பிரேம் பிரேமாக எண்ணிப் பார்த்தார். கிளப்பை மேலே கொண்டுபோகும் பேக்ஸ்விங்குக்கு 27 பிரேம் என்றால் டவுன்ஸ்விங்குக்கு 9. வேகமானவருக்கு 21க்கு 7. ஆள் யாராயினும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் திரும்பத் திரும்ப வந்தது. நடை வேகமாக இருப்பதாலேயே ஸ்விங் முரட்டுத்தனமானது என்று ஆகிவிடாது.

திரும்பும் கணம் வேறு. அங்கே விசை எப்படிக் கூடுகிறது என்பதே கேள்வி. என்னிடம் வந்த இருவரைச் சொல்கிறேன். ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். இன்னொருவர் இளைஞர், கல்லூரி நாளில் வேகப்பந்து வீசியவர். இருவரின் டிரைவர் வேகமும் 95 மைலை ஒட்டியே இருந்தது. அட்டவணைப்படி இருவருக்கும் ஒரே ஷாஃப்ட். பேராசிரியர் மேலே போய், இடுப்பைத் திருப்பி, கையை அதன் பின்னாலேயே இறக்குவார். விசை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி பந்தருகே வந்து முழுமை பெறும். 65 கிராம் ஸ்டிஃப் ஷாஃப்டில் அவருடைய பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கம் நழுவி விழுந்தது. 50 கிராம் ரெகுலரில் அதே ஸ்விங்குக்கு பந்து எழும்பி, காற்றில் நின்று, நேராகப் போயிற்று.

இளைஞர் மேலே போய்ச் சேர்வதற்கு முன்பே கீழே பிடுங்குவார். அந்தப் பிடுங்கலில் ஷாஃப்ட் வில்லாக வளையும். ரெகுலர் ஷாஃப்டில் ஒரு பந்து இடப்பக்கம் உயரே போகும், அடுத்தது வலப்பக்கம் போகும். "தலை எங்கே இருக்குன்னே தெரியல சார்" என்றார். அவருக்கு 65 கிராம், ஸ்டிஃப், தலைப்பக்கம் இறுக்கமான ஷாஃப்ட். பந்துகள் ஒரு வரிசைக்குள் வந்தன. தூரம் பெரிதாகக் கூடவில்லை. தவறிய பந்துகள் குறைந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர்கள் பலரை வைத்துச் சராசரி எடுத்தால், விறைப்பை மாற்றுவதால் தலை வேகம் பெரிதாக மாறுவதில்லை. அதைக் காட்டி, ஷாஃப்ட் பொருத்தமே தேவையில்லை என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சராசரியில் ஒருவர் கூடுவதும் இன்னொருவர் குறைவதும் ஒன்றையொன்று அழித்துவிடும். என் முன்னால் நிற்பவர் ஒரு தனி மனிதர். அவருக்குக் கூடுகிறதா குறைகிறதா என்பதுதான் எனக்கு வேண்டும்.

மூன்றாவது, மணிக்கட்டு. கீழே வரும்போது மணிக்கட்டின் மடிப்பைக் கடைசிவரை காப்பாற்றி, பந்தருகே அவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். செர்ஜியோ கார்சியாவின் ஸ்விங்கைப் பாருங்கள், புரியும். இவர்களுக்குத்தான் ஷாஃப்டின் தலைப்பக்க விறைப்பு பந்தின் உயரத்தில் நன்றாகத் தெரியும். வாரக் கடைசியில் ஆடுபவர்களில் பலர் மேலிருந்து இறங்கும்போதே மணிக்கட்டை அவிழ்த்துவிடுகிறார்கள். அவர்களுடைய ஷாஃப்ட் பந்திடம் வருவதற்கு நெடுநேரம் முன்பே நிமிர்ந்துவிடும். அப்படிப்பட்டவர் விலையுயர்ந்த டூர் ஷாஃப்ட் கேட்டு வந்தால் நான் விற்பதில்லை. எடை குறைந்த ஷாஃப்ட், நீளத்தை ஓர் அங்குலம் குறைத்தது, லாஃப்ட் (முகத்தின் சாய்வு) கூடிய தலை, இவையே அவருக்கு உதவும். மிச்சமாகும் பணத்துக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ளட்டும்.

எடையைப் பற்றி நான் பிடிவாதமாகவே பேசுவேன். விறைப்பைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் எடையைக் கேட்பதே இல்லை. ஆடுபவருக்கு முதலில் உறைப்பது எடைதான். டிரைவர் கிராஃபைட் 40 கிராமிலிருந்து 80 கிராம் வரை இருக்கிறது. அயர்னில் 130 கிராம் ஸ்டீலும் உண்டு, அதில் பாதி எடையுள்ள கிராஃபைட்டும் உண்டு. வேகமாகப் பிடுங்குபவருக்கு மிக லேசான ஷாஃப்டைக் கொடுத்தால் அவர் கை இன்னும் அவசரப்படும். மெல்ல இழுப்பவருக்குக் கனமான ஷாஃப்ட் கொடுத்தால் முதல் ஒன்பது குழியில் நன்றாக ஆடி, பதினைந்தாவது குழியில் தோள் தளர்ந்துவிடுவார். கடையின் ஏசி அறையில் பத்துப் பந்து அடித்துப் பார்த்தால் இது தெரியாது. சென்னை வெயிலில் நான்கு மணி நேரம் நடந்தால் தெரியும். முழங்கையில் வலி, விரல் மூட்டில் வீக்கம் உள்ளவர்களுக்கு அதிர்வை நன்கு உள்வாங்கும் கிராஃபைட் அயர்ன் நிம்மதி தரும். அதை வயதானவர்களின் கிளப் என்று ஒதுக்க வேண்டாம். தன் பையில் உள்ள எல்லாக் கிளப்புகளிலும் கிராஃபைட் ஷாஃப்ட் மாட்டியிருந்த பிரைசன் டிஷாம்போ 2020இல் விங்டு ஃபுட் மைதானத்தில் அமெரிக்க ஓபனை வென்றார். அப்போது அவருடைய அயர்ன்கள் அத்தனையும் 37.5 அங்குலம், ஒரே நீளம்.

ஷாஃப்ட் எவ்வளவு முறுக்கிக்கொள்ளும் என்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிகிரியில் குறித்திருப்பார்கள். மூன்று என்றால் இறுக்கம், ஐந்தாறு என்றால் இளக்கம். முரட்டுத்தனமாகத் திரும்புபவருக்கு எண் குறைவாக இருப்பது நல்லது. ஷாஃப்ட் அதிகம் வளையும் இடமான 'கிக் பாயிண்ட்' கீழே இருந்தால் பந்து உயரும், மேலே இருந்தால் தாழும் என்பார்கள். திசை சரி, அளவு மிகச் சிறிது. பந்து உயரவில்லை என்றால் முதலில் தலையின் லாஃப்டை மாற்றிப் பாருங்கள்.

பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கு ஹிடெக்கி மாட்சுயாமா நல்ல பாடம். 2021இல் மாஸ்டர்ஸ் வென்ற ஜப்பானியர். பேக்ஸ்விங் உச்சியில் ஒரு கணம் அப்படியே நின்றுவிடுவார். நிதானமான ஆள், மென்மையான ஷாஃப்ட் போதும் என்று தோன்றும். அவர் டிரைவரில் வைத்திருந்ததோ 80 கிராம் வகையைச் சேர்ந்த, எக்ஸைவிடவும் விறைப்பான ஷாஃப்ட். அந்த நிறுத்தத்துக்குப் பின் அவர் கொடுக்கும் விசை அப்படி. அயர்னில் எஸ்400. டிரைவரில் ஓர் எழுத்து, அயர்னில் இன்னோர் எழுத்து, ஒரே ஆள்.

உங்கள் திரும்பும் கணம் எப்படி என்று உங்களுக்கே தெரிவது கடினம். உங்கள் பையைச் சுமக்கும் கேடியிடம் கேளுங்கள். வருடக்கணக்கில் பக்கத்தில் நின்று உங்களைப் பார்த்தவர் அவர். பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கத் தெரிந்தவர்கள் கேடிகள். 2009இல் இந்தியன் ஓபனை வென்ற சி. முனியப்பா பெங்களூரில் கேடியாக இருந்து வளர்ந்தவர் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் ஊரில் பழக்கமாகிவிட்ட ஒன்று என்னை வருத்துகிறது. அப்பாவின் பழைய கிளப்பை இரண்டு மூன்று அங்குலம் வெட்டிப் பிள்ளையிடமோ மனைவியிடமோ கொடுப்பது. நீளம் குறைந்தால் ஷாஃப்ட் இன்னும் விறைப்பாகும். ஏற்கெனவே ஆண்களுக்கான ஸ்டிஃப், வெட்டியபின் இரும்புக் கம்பிதான். ஓர் அங்குலம் வெட்டினால், தலையின் பாரம் கைக்கு எவ்வளவு தெரிகிறது என்று காட்டும் ஸ்விங் வெயிட் ஆறு புள்ளி போலக் குறையும். அதாவது கிளப் மொத்தத்தில் கனம், ஆனால் தலை இருப்பதே கைக்குத் தெரியாது. பத்து வயதுப் பெண் குழந்தை அதை வைத்துக்கொண்டு பந்தை எழுப்ப முடியாமல், உடம்பைப் பின்னால் சாய்த்து அள்ளப் பார்ப்பாள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு எடுப்பது கடினம். குழந்தைகளுக்கென்று செய்த கிளப் மூன்றே மூன்று இருந்தாலும் போதும், அதை வாங்கிக் கொடுங்கள்.

பெண்களுக்கும் ஒரு சொல். பெண் என்றதும் எல் எழுத்தை எடுத்து நீட்டுகிறார்கள். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைப் போட்டிகளில் சராசரி டிரைவர் வேகம் மணிக்குச் சுமார் 94 மைல். வாரக் கடைசியில் ஆடும் ஆண்கள் பலரின் வேகமும் அந்த அளவுதான். பேட்மின்டன், ஹாக்கி ஆடி வந்த பெண்களுக்கு எல் ஷாஃப்ட் கையில் துவளும். அளந்து பார்த்துக் கொடுங்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

சோதிக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். ஒரே தலை, ஒரே வகைப் பந்து, ஷாஃப்ட் மட்டும் மாற வேண்டும். முதலில் எடையை மாற்றிப் பாருங்கள், எடை முடிவானபின் விறைப்பு. ஒரு ஷாஃப்டில் ஐந்து பந்து, அடுத்ததில் ஐந்து, மறுபடி முதலாவதில் ஐந்து என்று மாற்றி மாற்றி அடியுங்கள். உடம்பு சூடேறியதால் வந்த முன்னேற்றத்தை ஷாஃப்டின் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க இது உதவும். மிக நீளமாகப் போன பந்தை மறந்துவிடுங்கள். பந்துகள் எவ்வளவு அகலத்துக்குச் சிதறியிருக்கின்றன என்று பாருங்கள். என் கடையில் ஷாஃப்டின் லேபிளைக் கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன். எஸ் என்று தெரிந்தால் இளைஞர்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள், முதியோருக்கான ஏ என்று தெரிந்தால் பெரியவர்கள் கூடுதல் பலத்தோடு அடிக்கிறார்கள். டேப் இருந்தால் இரண்டும் நடக்காது.

அறுபதைக் கடந்தவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து அளந்துகொள்ளுங்கள். நடையும் திரும்பும் கணமும் பெரிதாக மாறாது, வேகம் குறையும். அப்போது முதலில் எடையில் பத்துக் கிராம் குறைப்போம். அது போதாவிட்டால் மட்டும் விறைப்பைத் தொடுவோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கிளப் கொண்டுவந்திருப்பவர்கள் மேடைக்கு எடுத்து வாருங்கள், கருவி இங்கேயே இருக்கிறது, மாட்டிப் பார்த்துவிடுவோம்.